பிரான்ஸ்காரியின் பாரம்

திருகோணமலைக்காரன் ஒருவன் படகு வாங்க யாழ்ப்பாணம் போகிறான் என்றால், கிணற்றடியில் இருப்பவன் தண்ணீர் வாங்கச் சந்தைக்குப் போகிறான் என்றுதான் சொல்வார்கள். எங்கள் பஸ்நிலையத்தில் அப்படித்தான் சொன்னார்கள். 1983 சித்திரை, ஒரு வியாழன் விடியற்காலை. முதுகுக்குப் பின்னால், கப்பல் நிமிர்ந்தபடி மூழ்கினாலும் கொடிமரம் தெரியாத ஆழம். முகத்துக்கு முன்னால் நூற்றைம்பது மைல் தார் வீதி; அது முடியும் இடத்தில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே இறங்கக்கூடிய ஒரு கடல்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. ஓரிடத்தில் இருக்க முடியாது. இருபத்தெட்டிலும் முடியவில்லை. இந்தத் தீவை வெளியிலிருந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும், கரையை அது அறியாமல் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்கு மீன்பிடிப் படகு உதவாது. படுக்க இரண்டு கட்டில், சமைக்க ஓர் அடுப்பு, மழைக்குச் சாத்த ஒரு கதவு, எஞ்சின் இல்லாமலே நாட்கணக்கில் காற்றோடு போகும் பாய்கள் - அப்படி ஒன்று வேண்டும். புதிதாக வாங்க நான் யார்? யாராவது வாழ்ந்து களைத்து விற்கிற ஒன்று. எங்கள் ஊரில் இருந்தவையெல்லாம் விற்க மனமில்லாதவர்களிடம் இருந்தன. காங்கேசன்துறையில் ஒன்றும் குருநகரில் ஒன்றும் கிடக்கின்றன என்று உப்பு லொறிச் சாரதி ஒருவர் சொன்ன சொல்லை நம்பித்தான் புறப்பட்டோம்.

'ஓம்' என்று சொல்வதற்கு முன் என் மனைவி நேசம் ஒரு நிபந்தனை வைத்தாள். அவள் புவியியல் ஆசிரியை. எல்லாவற்றுக்கும் எல்லைக்கோடு போடுவாள்.

"பள்ளிக்கூட லீவு முடியுமட்டும் பாருங்கோ. நல்லது கிடைச்சால் வாங்குவம். கிடைக்காட்டி, இனி எங்கடை வீட்டிலை படகெண்ட கதையே எடுக்கக் கூடாது. செத்தாலும் எடுக்கக் கூடாது. வாங்கிறதோ விடுறதோ, கடைசிச் சொல் என்ரை."

காணி விற்ற காசு அவளுடைய கைப்பையில் இருந்தது. கனவு மட்டும் என்னுடையது. சரி என்றேன்.

வவுனியாவில் பஸ் மாறினோம். வெயில் ஏறியது. ஆனையிறவில் ஓர் இராணுவ வீரன் பஸ்ஸுக்குள் ஏறி, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு இறங்கினான். இருபக்கமும் உப்பு வெளி கண்ணைக் குத்தியது. சாவகச்சேரியில் பலாப்பழ வாசனை யன்னல் வழியாக ஏறி, ரிக்கற் எடுக்காமலே யாழ்ப்பாணம் வரைக்கும் வந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் எங்கே பயணம் என்று கேட்டார். சொன்னேன்.

"பாய்ப்படகோ? காத்தடிக்காட்டி என்ன செய்வியள்?"

"இருப்பம்."

"காத்து கூட அடிச்சால்?"

"அப்பவும் இருப்பம், ஐயா. பிடிச்சுக்கொண்டு."

அவர் நேசத்தைப் பார்த்து, "நீர் ஏன் பிள்ளை இந்தாளோடை?" என்று கேட்டார். நேசம் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை காங்கேசன்துறை. யாழ்ப்பாண நகரிலிருந்து பதினொரு மைல். பஸ்ஸில் மூன்று ரூபா. துறைமுகத்தின் அலைதடுப்புக் கல்லணைக்குள் அது நின்றது. கடவுளே, என்ன வடிவு! பைபரால் வார்த்த வெள்ளை உடல், முப்பதடி. யன்னல்களுக்கு நீலத் திரைச்சீலை. உள்ளே குளிர்சாதனப் பெட்டி. சமையல் மேசையில் முகம் பார்க்கலாம். நேசம் அடுப்பைத் தடவிய விதத்தைப் பார்த்தபோது, எங்கள் பயணம் அன்றே முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

வெளிநாடு போய்விட்ட டொக்ரர் ஒருவருடைய படகு அது. விற்கும் பொறுப்பு அவருடைய மைத்துனர் அருளம்பலத்திடம். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு, கையில் குடை. விலை இரண்டு லட்சம். ஒரு சதமும் குறையாதாம்.

நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மேல்தளத்தில் நடந்தேன். பாய்மரத்தின் அடியில் கால் வைத்தபோது தளம் மெல்லத் தாழ்ந்து, காலை எடுத்ததும் எழுந்தது. ஒரு ரூபாக் குற்றியால் தட்டிக்கொண்டு போனேன். முன்பக்க அணியத்தில் டிங் என்றது. பாய்மரத்தடிக்குக் கிட்டப் போகப் போகத் தொப் என்றது. பூசினி போல. பைபரின் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்த பலகை மழைநீர் குடித்து, பாலில் ஊறிய பாணாகிவிட்டது. காற்று முழுப் பலத்தோடு பாயில் ஏறினால், மரம் கீழே இறங்கி அந்த அழகிய அடுப்பின் மேல் நின்றுதான் யோசிக்கும்.

"ஒருக்கால் வெளியிலை கொண்டுபோய் ஓட்டிப் பாக்கலாமோ?" என்று கேட்டேன்.

அருளம்பலம் குடையைக் கைமாற்றிப் பிடித்தார். "ஓட்டிப் பாக்கிறதோ? இது இந்தக் கல்லணைக்கு வெளியிலை போனதே இல்லை. அதாலைதான் இவ்வளவு புதுசாக் கிடக்கு. வாங்கின பிறகு ஓட்டுங்கோ. சீலை வாங்கப் போனால் உடுத்துப் பாத்தே வாங்கிறனீங்கள்?"

நேசம் அடுப்பிலிருந்து கையை எடுத்தாள். "சீலை கிழிஞ்சால் ஆள் சாகாது, ஐயா" என்றாள்.

திரும்பும் பஸ் ஏறினோம். வழியில் சுன்னாகத்தில் அவள், "நல்ல அடுப்பு" என்றாள்.

சனிக்கிழமை முற்பகல், குருநகர். வலைகள் காயும் ஒழுங்கைகள், தேவாலயத்தின் வெள்ளைச் சுவர், கருவாட்டு மணம், அதன் முடிவில் கடல்நீரேரி. காற்றே இல்லாத நேரத்தில் அது கடல் மாதிரித் தெரியாது. யாரோ வெளுத்துக் காயப்போட்ட சீலை மாதிரித் தெரியும். வள்ளங்களுக்கு நடுவே, எல்லாவற்றையும் விட ஒரு முழம் உயரமாக, குந்தியிருக்கும் கொக்குகளைச் சுமந்துகொண்டு ஒரு மரப்படகு நின்றது. இருபத்தெட்டடி. தேக்குப் பலகை. ஒருகாலத்தில் பச்சை வர்ணம். பாய்மரத்திலிருந்து அணியம் வரை கட்டிய கயிற்றில் கீரிமீன் காய்ந்தது.

அணியத்தில் எழுதியிருந்த பெயரை அங்கே ஒருவராலும் உச்சரிக்க முடியவில்லை. "நாங்கள் பிரான்ஸ்காரி எண்டுதான் சொல்லுறது" என்றார் சூசை.

சூசை அந்தத் துறையின் மீன்பிடித் தொழிலாளி. ஐம்பது வயதிருக்கும். குரல் முதலில் வரும். ஆள் பிறகு வருவார். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பிரெஞ்சுத் தம்பதி இந்தியாவிலிருந்து வரும்போது வழி தவறி, மண்டைதீவுப் பக்கத்தால் நீரேரிக்குள் புகுந்து, மணற்றிட்டில் ஏறிவிட்டார்கள். சூசையோடு சேர்த்து ஆறு குடும்பத்து ஆண்கள் போய் இழுத்து எடுத்தார்கள். வெள்ளைக்காரனுக்குக் காய்ச்சல், மனைவிக்குக் கடலே வெறுத்துவிட்டது. விமானச் சீட்டுக்குக் காணும் காசை வாங்கிக்கொண்டு, படகை ஆறு குடும்பத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதை விற்று ஆறு பேருக்கும் பொதுவாக, வள்ளத்தின் பின்னால் பூட்டும் வெளி எஞ்சின் ஒன்று வாங்குவதென்பது திட்டம். கேட்ட விலை எழுபதாயிரம்.

"வந்ததை விட இப்ப நல்ல நிலையிலை இருக்கு, மாஸ்ரர்" என்றார் சூசை. திருகோணமலையிலிருந்து பேனை குத்திய சட்டையோடு வந்த நான் மாஸ்ரர் அல்ல என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. நேசம் உண்மையிலேயே ரீச்சர் என்றதும், நான் மாஸ்ரர் என்பது உறுதியாகிவிட்டது.

பலகைகளைப் பேனாக்கத்தியால் குத்திப் பார்த்தேன். எங்கும் கத்தி நுனி வழுக்கியது. செப்பாணிகள் ஒன்றும் அசையவில்லை. பாய்கள் சூசையின் வீட்டு முகட்டில் எலி தொடாமல் தொங்கின. உள்ளே இரண்டு கட்டில், ஓர் எண்ணெய் அடுப்பு. அடுப்பு கறுத்துக் கிடந்தது. நேசம் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சில பொருட்களைப் பார்த்ததும் அவை நம்மைத் தெரிந்தவைபோல் நடிக்கும். இது நடிக்கவில்லை; உண்மையிலேயே என்னைத் தெரிந்திருந்தது.

பின்னேரம் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தலையெடுத்தது. சூசையும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் நாங்களும் ஏறினோம். கொழும்புத்துறைப் பக்கமாகப் பாய் விரித்தோம். நேசத்துக்கும் எனக்கும் சின்னப் படகில் எங்கள் குடாவுக்குள் ஓட்டிய பழக்கம் உண்டு; சுக்கானை நான் வாங்கினேன்.

முதல் ஐந்து நிமிடம் சுவர்க்கம். பிறகு ஒரு வேகக்காற்று வந்தது. படகு சாய்ந்தது. சாய்வது பாய்ப்படகின் குணம்; பயப்பட ஒன்றுமில்லை. ஓரளவு சாய்ந்ததும் அடியில் இருக்கும் பாரம் 'காணும், போதும்' என்று சொல்லும், படகு நிற்கும். இது நிற்கவில்லை. சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது, விளிம்பு நீருக்குள் போனது, கீரிமீன் கயிறு நீருக்குள் போனது. நேசம் கம்பி ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி என் பெயரைச் சொன்னாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான்.

சூசையும் கூட்டாளிகளும் பதறவே இல்லை. மூவரும் குரங்குபோல் உயர்ந்த பக்கத்துக்குப் பாய்ந்து, விளிம்புக்கு வெளியே உடம்பை எறிந்து தொங்கினார்கள். நான் பாய்க்கயிற்றை விட்டேன். படகு மெல்ல, மனமில்லாமல், குடித்தவன் எழும்புவதுபோல் எழுந்தது.

"பாத்தியளே! எவ்வளவு சொல்லுக் கேக்குது!" என்றார் சூசை, தலையிலிருந்து நீர் வழிய.

"உங்கடை வள்ளமெல்லாம் உப்பிடித்தானோ?" என்று நேசம் கேட்டாள்.

"ஓம் ரீச்சர். எங்களுக்கு ஆள்தான் பாரம். காத்துக் கூடினால் ஆள் கூட ஏத்துவம். இதுக்கு ஒரு அஞ்சு பேர் மேல் பக்கத்திலை குந்தினால் காணும்."

"நாங்கள் ரெண்டு பேர். மிச்ச மூண்டு பேரை நடுக்கடலிலை எங்கை பிடிக்கிறது?"

கரைக்கு வந்ததும் உள்ளே இறங்கி அடிப்பலகைகளைக் கழற்றினேன். படகின் விலா எலும்புகளுக்கு நடுவில் வரிசை வரிசையாக வெறும் குழிகள். ஒவ்வொரு குழியின் ஓரத்திலும் சாம்பல் நிறத்தில் ஒரு தேய்மானம். அங்கே ஏதோ பாரமானது நெடுங்காலம் இருந்திருக்கிறது.

"சூசையண்ணை, இதுக்குள்ளை இருந்த ஈயம் எங்கை?"

அவருடைய முகம் மலர்ந்தது. இதைக் கேட்க ஏன் இவ்வளவு நேரம் என்பதுபோல. "அதையெல்லே நாங்கள் எடுத்துப் போட்டம்! திட்டிலை இருந்து இழுக்கேக்கை முதல் எடுத்தது அதுதான். பிறகு வைக்கேல்லை. ஏன் வைக்கவேணும்? அந்தப் பாரத்தோடை இந்தக் கரைக்கு வந்திராது, மாஸ்ரர். இப்ப பாருங்கோ, இடுப்புத் தண்ணியிலை தாரா மாதிரி நீந்தி வருது."

நான் கோபிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்த நீரேரியில் அவர் சொன்னது முழு நியாயம். ஆழமில்லாத கடலில் பிறந்தவர்களுக்குப் பாரம் என்பது குறை. குறையைத் திருத்தித்தான் விற்க வைத்திருக்கிறார்கள்.

"சரி, எடுத்த ஈயம்?"

இப்போது சூசையின் மனைவி றோசம்மா குறுக்கிட்டாள். கரையில் நின்று மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்: "ஈயம் கடலிலைதான். உருக்கி வலைக்குக் குண்டு வார்த்தாச்சு. ஆறு வீட்டு வலையும் ரெண்டு வருசமா அதிலைதான் தாழுது."

அன்று மாலையே யாழ்ப்பாணம் பெரியகடையில் இரும்புச் சாமான் கடைகளில் ஏறி இறங்கினோம். ஒரு கடையில் இரண்டு சுருள் ஈயத்தகடு; இன்னொன்றில் பற்றவைக்கும் கம்பி. எனக்கு வேண்டியது ஏறத்தாழ ஒரு தொன். கடைக்காரர் கேட்டுவிட்டு, "யுத்தத்துக்கோ?" என்றார். விடுதிக்கு நடந்தோம். கல்லைப் போடலாமா என்று கணக்குப் போட்டேன். கல்லுக்கு இடம் காணாது. அடிப்பலகைக்கு மேலே வந்து கட்டில்வரை ஏறும்.

"அப்ப முடிஞ்சுது" என்றேன். திங்கட்கிழமை பஸ் ஏறினால், அதற்குப் பிறகு என் வாழ்நாளில் படகு என்ற சொல் இல்லை.

நேசம் விடுதி வாசலில் நின்றாள். பிறகு, "பெரியகடையிலை இல்லாத ஈயம் ஆறு வீட்டிலை இருக்கு" என்றாள். "கேட்டுப் பாத்தால் என்ன?"

ஞாயிறு, பூசை முடிந்த கையோடு. தேவாலயத்துக்குப் பின்னால், மாதா சிலையருகே பூவரச மரத்தின் கீழ் ஆறு குடும்பங்களும் கூடின. நான் விளங்கப்படுத்தினேன்: அடியில் பாரமில்லாமல் இந்தப் படகு வெளிக்கடலில் எங்களைக் கொல்லும், பாரம் திரும்பி வந்தால் கேட்ட விலையைத் தருவோம், அதில் எஞ்சினும் வாங்கலாம், வலைக்குப் புது ஈயம் கொழும்பிலிருந்து எடுப்பித்தும் கொள்ளலாம்.

இரைச்சல் எழுந்தது. வலையிலிருந்து குண்டைக் கழற்றினால் வலை மிதக்கும். மிதக்கும் வலையில் வானத்து மீனைத்தான் பிடிக்கலாம்.

"புது ஈயம் வருமட்டும் தூண்டில் போடுவம், நண்டுக்குப் போவம்" என்றார் சூசை. "எஞ்சின் வந்தால் ரெண்டு கிழமையிலை எல்லாம் எடுக்கலாம்."

"உனக்கென்ன, நீ ரெண்டு கட்டிதான் எடுத்தனி!" என்று பிலிப்பு என்பவர் கத்தினார். நெடிய மெலிந்த மனிதர். சட்டை பூசைக்குப் போட்டது.

"அப்ப நீ எத்தினை எடுத்தனி, பிலிப்பு? சொல்லு. மாதாவின்ரை முகத்தைப் பாத்துச் சொல்லு."

பிலிப்பு மாதாவின் பக்கம் பார்க்காமல் மரத்தைப் பார்த்தார். பெண்கள் சிரித்தார்கள்.

"சரி, குடுக்கிறம் எண்டு வைப்பம்" என்றார் பிலிப்பு, பேச்சை மாற்றி. "வலையெல்லாத்தையும் குலைச்சு ஈயத்தைக் கொண்டுவந்து வைச்ச பிறகு, உவை ரெண்டு பேரும் வேண்டாமெண்டு பஸ் ஏறினால்?"

நியாயமான கேள்வி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாய் திறக்குமுன் நேசம் எழுந்தாள். "படகு சரிவராட்டி விட்டுட்டுப் போவம். ஆனால் ஈயத்துக்குக் கடை விலையிலை காசு வைச்சிட்டுத்தான் போவம். நீங்கள் ஈயத்தையும் எடுங்கோ, காசையும் எடுங்கோ."

படகில்லாமல், காணியுமில்லாமல், பாதிக் காசோடு வீடு திரும்பும் எங்கள் இருவரையும் நான் அந்தக் கணத்தில் தெளிவாகப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. றோசம்மா மடியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "ரீச்சர் ஆம்பிளை மாதிரிக் கதைக்கிறா. இஞ்சை ஆம்பிளையள்தான் பொம்பிளை மாதிரிக் கணக்குப் பாக்கினம். எழும்புங்கோ, வலையைக் குலைப்பம்."

திங்களும் செவ்வாயும் கரை முழுக்க வலை. பெண்கள் நூலை அறுத்துக் குண்டுகளை உதிர்த்தார்கள். கடலை விதைபோல் சாம்பல் மணிகள் சாக்குச் சாக்காகக் குவிந்தன. குண்டாகவே சாக்கில் போட்டால் படகு சாயும்போது பாரமும் சேர்ந்து ஓடும். கட்டியாக வார்க்க வேண்டும். அச்சுக்கு எங்கே போவது என்று நான் யோசிக்கையில், பேக்கரிக்காரர் ஒருவர் கழித்துப்போட்ட துருப்பிடித்த பாண் அச்சுகளைச் சூசை சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்.

"இது இனி ஒரு நாளும் பேக்கரிக்குத் திரும்பிப் போகக் கூடாது" என்று நேசம் மூன்று தரம் சொன்னாள். ஈயப் புகை நஞ்சு என்று பிள்ளைகளைக் காற்றுவளத்துக்கு அப்பால் துரத்தினாள். பனைமட்டை நெருப்பில், பழைய இரும்புத் தாச்சியில், ஈயம் முதலில் அழுக்காகி, பிறகு சட்டென்று நிலவாகியது. காய்ந்த அச்சில் ஊற்றினோம். ஆறியதும் கவிழ்த்துத் தட்ட, ஈயப் பாண் ஒன்று மணலில் விழுந்தது. ஒரு கையால் தூக்கப் போனவர்கள் எல்லோரும் ஒருமுறை அவமானப்பட்டார்கள். மீன் தராசில் நிறுத்து அடுக்கினோம். மத்தியானம் றோசம்மா, நெருப்புக்குத் தூரத்தில், நண்டும் றாலும் போட்டு, பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினாள். பனையோலைப் பிளாவில் வாங்கிக் குடித்தோம். உறைப்பில் கண்ணீர் வந்தது. பயத்தில் வந்ததையும் அதோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டேன்.

ஒரு சிக்கல் மிச்சம். பாரத்தைக் கரையில் ஏற்றினால் பிரான்ஸ்காரி அங்கேயே தரை தட்டி உட்கார்ந்துவிடுவாள். ஏற்றாமல் வெளியே போனால் காற்றில் கவிழ்வாள். ஆகையால் படகு வேறாகவும் பாரம் வேறாகவும் போக வேண்டும். ஆழத்தில் சந்திக்க வேண்டும்.

புதன்கிழமை விடியல். காற்று எழும்புமுன் புறப்பட்டோம். பிரான்ஸ்காரியைப் பாயில்லாமல் இரண்டு வள்ளங்கள் கயிற்றில் இழுத்தன. பின்னால் நாலு வள்ளங்கள், மீன் கூடைகளில் ஈயப் பாண் நிரப்பி, விளிம்புவரை தாழ்ந்து, மரக்கோல்களால் தாங்கித் தாங்கி வந்தன. நான் திருவிழாக்களில் பல ஊர்வலங்கள் பார்த்திருக்கிறேன். ஒரு படகின் நிறையை அதன் பின்னால் சுமந்துவரும் ஊர்வலத்தை அன்றுதான் பார்த்தேன். இடப்பக்கம் பூநகரி ஒரு கோடு. வலப்பக்கம் மண்டைதீவு மெல்லப் பின்வாங்கியது. மரக்கோல் தரையைத் தொடும் சத்தம் ஆழமாகிக்கொண்டு போய், ஓரிடத்தில் கேட்காமல் போனது. நீர் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறியது. நங்கூரமிட்டோம்.

கைமாற்றிக் கைமாற்றி ஏற்றினார்கள். நான் உள்ளே குனிந்து குழிகளில் அடுக்கினேன். ஒவ்வொரு வரிசைக்கும் மேலே பலகை வைத்து ஆணி அடித்தேன். ஒவ்வொரு கூடைக்கும் படகு ஒரு மூச்சுத் தாழ்ந்தது. மேலே யாரோ நடந்தால் தாலாட்டிய தளம், ஏறத்தாழ நாலாவது கூடைக்குப் பிறகு நிதானமாகியது; அதன் பிறகு நடந்தவரைப் பொருட்படுத்தவே இல்லை. கடைசியாகப் பிலிப்பு தன் வள்ளத்தின் அடியிலிருந்து சாக்கொன்றை அவிழ்த்து, உருக்காத முழு ஈயக்கட்டி ஒன்றை வெட்கத்தோடு நீட்டினார். பிரெஞ்சு முத்திரை அப்படியே இருந்தது.

"கதவுக்கு முட்டா வைச்சிருந்தனான்" என்றார்.

"இனிக் கதவைத் திறந்து விட்டிட்டுப் படு, ராசா. உன்னட்டைக் களவெடுக்க இனி ஒண்டுமில்லை" என்றார் சூசை. நீலக்கடல் முழுக்கச் சிரிப்பு.

பத்து மணிக்குச் சோளகம் வந்தது. பாய் ஏற்றினோம். சூசையும் கூட்டாளிகளும் பழக்கதோஷத்தில் மேல்பக்கமாகப் போய்க் குந்தினார்கள்.

"எல்லாரும் இறங்குங்கோ" என்றாள் நேசம்.

"ரீச்சர், காத்து வருது!"

"அதுக்குத்தான். ஆளில்லாமல் நிக்கட்டும். நிண்டால் பாப்பம்."

இறங்கினார்கள். படகில் நானும் அவளும். சுக்கான் அவள் கையில், நான் பாய்க்கயிற்றில். ஆறு வள்ளங்களையும் சுற்றி ஒரு வட்டம் போட்டோம். அரைவட்டத்தில், நீரைக் கறுப்பாக்கிக்கொண்டு அந்தக் காற்று வருவது தெரிந்தது. பாய் வெடித்து நிறைந்தது. படகு சாய்ந்தது, சாய்ந்தது. விளிம்பு நீரைப் பார்த்தது. என் விரல்கள் கயிற்றை விட்டுவிடத் துடித்தன.

"விடாதேங்கோ!" என்றாள்.

அப்போது கீழே, எங்கள் காலுக்கு அடியில், ஆறு குடும்பத்தின் வலைகளும் ஒன்றாய்த் தாழ்ந்ததுபோல் ஒரு பிடிமானம். பிரான்ஸ்காரி சாய்வதை நிறுத்தினாள். அந்தக் கோணத்திலேயே தோளைக் கொடுத்தாள். பிறகு, எங்களிடம் ஒன்றும் கேட்காமல், நெஞ்சை நிமிர்த்தி, நுரை கக்கிக்கொண்டு ஓடத் தொடங்கினாள். ஐயோ, அந்த ஓட்டம்! பலகைகள் பாடின. நாற்பத்தெட்டு வருடமாக எனக்குள் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து நடந்தது ஒன்று, முதன்முறையாக, ஓடிக்கொண்டே உட்கார்ந்தது. வள்ளங்களில் எழுந்து நின்று கூவினார்கள். பிலிப்பு சட்டையைக் கழற்றிச் சுழற்றினார்.

நேசம் வட்டத்தை முடித்து, சூசையின் வள்ளத்துக்குப் பக்கத்தால் நெருக்கி ஓட்டினாள். அவளுடைய கடைசிச் சொல்லுக்காக நான் காத்திருந்தேன். அவள் என்னிடம் சொல்லவில்லை.

"சூசையண்ணை!" என்று கத்தினாள். "எஞ்சினுக்கு என்ன நிறம் எடுக்கப் போறியள்?"

பாயை இறக்கிக் கணக்குத் தீர்த்தோம். காசைச் சூசை மூன்று முடிச்சுப் போட்டு மடியில் கட்டினார். றோசம்மா கொடுத்தனுப்பிய பாணும் சம்பலும் ஒரு பொதி. இது மாவில் சுட்ட பாண் என்று மடித்த கடுதாசியில் சத்தியம் செய்து எழுதியிருந்தாள். வள்ளங்கள் திரும்பின. பாரம் இறக்கியதால் இலேசாகி, தாரா மாதிரியே போயின. வெகுநேரம் அவர்களுடைய குரல் கேட்டது. ஈயத்தின் கணக்கில் மறுபடி சண்டை பிடித்துக்கொண்டு போனார்கள்.

எங்கள் ஊரில் ஆழம் பிறப்போடு கிடைத்தது. படியில் இறங்கினால் ஆழம். அதனால்தானோ என்னவோ, ஆழத்துக்காக நாங்கள் ஒருபோதும் ஒருவர் கதவை ஒருவர் தட்டியதில்லை. இங்கே முழங்காலளவு நீரில் வாழ்கிறவர்கள், முன்பின் தெரியாத இருவருக்காகத் தங்கள் வலைகளை வெறுமையாக்கி, கால் எட்டாத இடம்வரை வந்து, எங்களை நிலைநிறுத்திவிட்டுப் போகிறார்கள். கோணேசர் மலையின் கீழ் நங்கூரம் போடும் நாளில் இதை அந்தப் பஸ்நிலையத்தில் சொல்ல வேண்டும். நம்பமாட்டார்கள். பரவாயில்லை, அடிப்பலகையைக் கழற்றிக் காட்டுவேன்.

பிற்பகலில் யாழ்ப்பாணம் பனைகளாகி, பனைகள் புகையாகி, புகை ஒன்றுமில்லாததாகியது. தீவுகளை வெளியால் சுற்றி வடக்கே திரும்ப வேண்டும். முதல் பெரிய அலை அணியத்தைத் தூக்கி இறக்கியது.

"களைச்சுப் போனீர். சுக்கானைத் தாரும்" என்றேன்.

"பொறுங்கோ" என்றாள் நேசம்.

மறுநாள் காலை காங்கேசன்துறை வெளிச்சவீடு தெரியுமட்டும் பொறுத்தேன். அவள் தரவில்லை.